வேட்டைக்குப் போகிறேன் என்று சொல்லி நிலம் தேடியவர்: வாஷிங்டன், கிராஃபோர்ட், ஒரு ரகசியக் கடிதம்

1767 செப்டம்பர் 17 அன்று வெர்ஜீனியாவின் மௌண்ட் வெர்னன் பண்ணையில் ஜார்ஜ் வாஷிங்டன் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். அப்போது அவருக்கு வயது 35. ஜனாதிபதி ஆவதற்கு இன்னும் 22 ஆண்டு இருந்தது. வெர்ஜீனியா சட்டசபையில் உறுப்பினர், பழைய படைத்தளபதி, புகையிலையை நம்பிக் கையைச் சுட்டுக்கொண்டு கோதுமைக்கு மாறிக்கொண்டிருந்த பண்ணைக்காரர். கடிதம் போய்ச் சேரவேண்டிய இடம் மலைக்கு அந்தப் பக்கம். யாக்ககேனி ஆற்றங்கரையில் ஸ்டூவர்ட்ஸ் கிராஸிங் என்ற துறையில் வில்லியம் கிராஃபோர்ட் வீடு கட்டிக் குடியிருந்தார். இன்று அங்கே பென்சில்வேனியாவின் கானல்ஸ்வில் என்ற ஊர் இருக்கிறது. கிராஃபோர்ட் நிலம் அளப்பவர், வெர்ஜீனியா படையில் வாஷிங்டனுக்குக் கீழே அதிகாரியாக இருந்தவர், இளமைக்காலப் பழக்கம்.

நலம் விசாரிக்க எழுதிய கடிதம் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறது: உங்கள் வீட்டுப் பக்கத்தில் 1,500, 2,000 ஏக்கர், முடிந்தால் அதற்கு மேலும், எனக்குப் பார்த்துத் தர வேண்டும். மண் வளமாக இருக்க வேண்டும், சமதளமாக இருக்க வேண்டும். பென்சில்வேனியாவில் ஒரே ஆள் பெயரில் அவ்வளவு பெரிய துண்டைப் பதிய விடமாட்டார்களே என்ற கவலைக்கும் அவரிடமே வழி இருந்தது. தனித்தனிப் பதிவுகளாகப் பிரித்துப் போட்டு மொத்தத்தையும் சேர்த்துவிடலாம், அதற்கு ஆகும் செலவு கட்டுப்படியானால்.

இது முதல் பாதி. இரண்டாம் பாதிதான் இந்தக் கடிதத்தைத் தனியாக எடுத்து ஆராய வைக்கிறது.

அரசாணையும் 'நமக்குள் இருக்கட்டும்' என்ற வரியும்

பிரான்ஸுடனான போர் முடிந்த கையோடு, 1763 அக்டோபர் 7 அன்று பிரிட்டிஷ் மன்னர் ஓர் ஆணை பிறப்பித்திருந்தார். அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே ஓடும் ஆறுகளின் நிலப்பகுதி பூர்வகுடிகளுக்கானது; குடியேற்றக்காரர்கள் அங்கே நிலம் வாங்கவோ அளக்கவோ கூடாது. காரணம் கருணை மட்டும் என்று நினைக்கவேண்டாம். அந்த ஆண்டுதான் ஒட்டாவா என்ற பூர்வகுடியின் தலைவர் பான்டியாக் பெயரால் அறியப்படும் எழுச்சி மேற்கில் பிரிட்டிஷ் கோட்டைகளை ஒவ்வொன்றாக விழச் செய்திருந்தது. இன்னொரு எல்லைப்போருக்கு லண்டனின் கஜானாவில் பணம் இல்லை.

அந்த ஆணையைப் பற்றி வாஷிங்டன் நண்பருக்கு எழுதியது இதுதான்: இது பூர்வகுடிகளின் மனத்தைச் சமாதானப்படுத்தச் செய்த தற்காலிக ஏற்பாடு, இதை நமக்குள் மட்டும் சொல்கிறேன், சில ஆண்டுகளில் தானாகவே விழுந்துவிடும். ஆகவே இப்போதே நல்ல நிலங்களைத் தேடிப்பிடித்து அடையாளம் வைக்காதவர்களுக்கு இந்த வாய்ப்பு இனி கிடைக்காது.

சட்டசபையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர், மன்னரின் ஆணை நிலைக்காது என்று கணக்குப்போட்டு அந்தக் கணக்கின் மேல் பணம் கட்டுகிறார். தனக்கே அது உறுத்தியிருக்க வேண்டும். ஏனென்றால் அடுத்த சில வரிகளில் இந்த விஷயம் முழுவதையும் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சொல்கிறார். நம்பகமான ஆட்களிடம் மட்டும் சொல்லலாம். இரண்டு காரணங்களையும் அவரே ஒளிக்காமல் எழுதுகிறார். ஒன்று, ஆணையைப் பற்றி இப்படிச் சொன்னதற்காகத் தன்மேல் பழி வரலாம். இரண்டு, விஷயம் வெளியே தெரிந்தால் மற்றவர்களும் முழித்துக்கொண்டு போட்டிக்கு வந்துவிடுவார்கள். என்ன செய்யலாம் என்றும் சொல்லித்தருகிறார்: வேறு வேட்டைக்குப் போவதாகச் சொல்லிக்கொண்டு காட்டுக்குள் போங்கள். வேட்டையும் ஆகும், நிலமும் பார்த்த மாதிரி இருக்கும்.

உடன்படிக்கை எளிமையானது. தேடும் பாடு கிராஃபோர்டுடையது. அளவை, பட்டா எல்லாவற்றுக்கும் செலவு வாஷிங்டனுடையது. கிராஃபோர்டுக்கு நியாயமான ஒரு பங்கு கிடைக்கும், எவ்வளவு என்பதை 'முதல் சந்திப்பில்' பேசிக்கொள்ளலாம். எழுத்தில் சதவீதம் எதுவும் கிடையாது. பன்னிரண்டாம் நாள், செப்டம்பர் 29 அன்று, கிராஃபோர்ட் பதில் போட்டார்: மனமாரச் சம்மதம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். சட்டப்படி எழுத முடியாத ஓர் ஒப்பந்தம் இது. முத்திரையிட்டு எழுதினால் ஆணையை மீறியதற்குத் தாங்களே சாட்சி எழுதிக்கொண்டது போல் ஆகிவிடும். எனவே பத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் நட்பு உட்கார்ந்திருக்கிறது. வாஷிங்டன் கிராஃபோர்டை நம்பியது அன்பினால் மட்டும் இல்லை, அவருக்கு வேறு பாதுகாப்பே கிடையாது. கிராஃபோர்ட் வாஷிங்டனை நம்பியதும் அதேபோல்தான். அடுத்த இருபது ஆண்டில் இந்த வழக்கில் கிளம்பிய எல்லாச் சிக்கலும் இந்த ஒரு இடத்திலிருந்துதான் வருகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

தம்பி பெயரில் வாங்கு

வாஷிங்டன் நம்பியது கிராஃபோர்ட் ஒருவரை மட்டும் அல்ல. 1754இல் வெர்ஜீனியா ஆளுநர் டின்விடி, படையில் சேர்பவர்களுக்கு ஒஹையோ ஆற்றுப் பகுதியில் மொத்தம் 2,00,000 ஏக்கர் தருவதாக அறிவித்திருந்தார். பதினைந்து ஆண்டாக அந்த வாக்கு தூங்கிக்கொண்டிருந்தது. 1768 நவம்பரில் ஸ்டான்விக்ஸ் கோட்டை ஒப்பந்தத்தில் இராகுவா என்ற பூர்வகுடிக் கூட்டமைப்பு ஒஹையோவுக்குத் தெற்கே இருந்த பெரும்பரப்பை பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்தது. அந்த நிலத்தில் வேட்டையாடி வந்த ஷானீ மக்களிடம் யாரும் கேட்கவில்லை. சரி, கதவு திறந்துவிட்டது என்று வாஷிங்டன் 1769 டிசம்பரில் ஆளுநர் போட்டெடோர்ட் பிரபுவிடம் மனுக் கொடுத்து, பழைய வாக்கை எழுப்பினார். 2,00,000 ஏக்கரையும் 20 துண்டுகளுக்கு மிகாமல் அளக்க அனுமதி வந்தது.

அதே மாதங்களில்தான் பழைய போர்வீரர்களின் உரிமைகளை விலைக்கு வாங்கும் வேலையும் நடந்தது. 1770 ஜனவரி 31 அன்று தம்பி சார்லஸுக்கு எழுதிய கடிதத்தைப் படித்தால், நிலத் தரகு எந்த நாட்டில் நடந்தாலும் ஒரே மொழிதான் பேசும் என்று தெரியும். 1763 ஆணை பிரான்ஸுடனான போரில் இருந்த அதிகாரிகளுக்கு ஒதுக்கிய நில உரிமைகளைப் பற்றிய கடிதம் அது. உன் பக்கத்தில் இருக்கும் அதிகாரிகளிடம் முதலில் வேடிக்கையாகப் பேசுகிற மாதிரி பேச்சுக்கொடு, காரியமாகக் கேட்காதே. நிலத்துக்கு என்ன விலை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்துகொள். ஆயிரம் ஏக்கருக்கு ஐந்து, ஆறு, ஏழு பவுண்டுக்குக் கிடைத்தால் வாங்கு. உன் பெயரிலேயே வாங்கு. எனக்கு இதில் சம்பந்தம் இருப்பது யாருக்கும் தெரியக்கூடாது. காரணத்தை நேரில் பார்க்கும்போது சொல்கிறேன்.

நம் ஊரில் இதற்கு ஒரு சொல் இருக்கிறது: பினாமி. அன்றைய வெர்ஜீனியாவில் பெரிய பண்ணைக்காரர்கள் பலரும் இதைத்தான் செய்தார்கள் என்பது உண்மை. ஆனால் 'யாருக்கும் தெரியக்கூடாது' என்ற வரியை எல்லாரும் செய்ததாகச் சொல்லிக் கழுவிவிட முடியாது. வாங்குவது வாஷிங்டன் என்று தெரிந்தால் விற்பவர் விலை ஏற்றிவிடுவார். விற்பவரின் அறியாமைதான் இங்கே லாபம். அந்த விற்பவர்கள் அவருடைய பழைய படைத்தோழர்கள்.

45 அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு

1770 அக்டோபரில் வாஷிங்டன் தானே கிளம்பினார். உடன் வந்தவர் மருத்துவர் ஜேம்ஸ் கிரேக். கடைசிவரை வாஷிங்டனின் நண்பர். 1799இல் அவருடைய மரணப் படுக்கையருகிலும் இருந்தவர். அக்டோபர் 14ஆம் தேதியைக் கிராஃபோர்டின் வீட்டில் கழித்தார்கள். வீட்டுக்குப் பக்கத்தில் ஆற்றங்கரையில் நிலக்கரி எடுக்கும் இடத்தைப் போய்ப் பார்த்து, கரி முதல்தரம் என்று நாட்குறிப்பில் எழுதிக்கொண்டார். மறுநாள் தனக்காகக் கிராஃபோர்ட் பிடித்துவைத்திருந்த நிலத்தைப் பார்த்தார். பிறகு இன்றைய பிட்ஸ்பர்க்கில் இருந்த பிட் கோட்டையிலிருந்து ஒஹையோ ஆற்றில் படகு.

வழியில் செனெகா தலைவர் கையாசூட்டாவைச் சந்தித்தார்கள். 1753இல் இளம் வாஷிங்டன் பிரெஞ்சுக் கோட்டைக்குத் தூது போனபோது வழித்துணையாக வந்தவர் அவர். அடையாளம் கண்டுகொண்டு, அன்று கொன்ற எருமைக்கடாவில் கால்பங்கைக் கொடுத்தார். தன் மக்கள் வேட்டையாடும் ஆற்றங்கரையை எந்த நோக்கத்தோடு இவர்கள் பார்த்துக்கொண்டு போகிறார்கள் என்பது அந்த விருந்தில் பேசப்பட்டதா என்று நாட்குறிப்பு சொல்லவில்லை.

நவம்பர் 4 அன்று கனாவா ஆற்று முகத்துவாரத்துக்கு அருகே ஒரு சிக்கமோர் மரத்தை அளந்தார். தரையிலிருந்து மூன்றடி உயரத்தில் அதன் சுற்றளவு 45 அடிக்கு இரண்டு அங்குலம் குறைவு. அளவுநாடாவை இன்னும் மறக்காத பழைய சர்வேயரின் கை அது. மரம் இவ்வளவு பருத்திருந்தால் அடியில் மண் எப்படி இருக்கும் என்பதுதான் அவருடைய கணக்கு. படைவீரர்களின் நிலத்தை அளக்கும் பொறுப்பு கிராஃபோர்டிடம் போனது.

பங்கு பிரித்தபோது வாஷிங்டனுக்கு அவருடைய பங்கும், விலைக்கு வாங்கிய பங்குகளுமாகச் சேர்த்து 20,000 ஏக்கருக்கு மேல் வந்தது. ஆற்றை ஒட்டிய தாழ்நிலம் அதில் ஏராளம். நல்லதையெல்லாம் அவரும் கிரேக்கும் எடுத்துக்கொண்டார்கள் என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். ஜார்ஜ் மியூஸ் என்ற பழைய அதிகாரி முணுமுணுப்போடு நிற்காமல் ஒரு முரட்டுக் கடிதமே எழுதிவிட்டார். 1774 ஜனவரி 29 அன்று வாஷிங்டன் போட்ட பதில், அவர் எழுதியதிலேயே சூடான கடிதங்களில் ஒன்று. நீங்கள் குடித்துவிட்டு எழுதினீர்கள் என்று கேள்விப்பட்டேன், ஆனால் குடித்திருந்தது மரியாதைக் குறைவுக்குச் சமாதானம் ஆகாது. உங்கள் 10,000 ஏக்கர் முழுதும் உங்களுக்கு ஒதுக்கப்பட்டிருக்கிறது, செய்தித்தாளைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிற்காலத்தில், ஜனாதிபதியாக இருந்த 1794இல், அந்தக் கனாவா நிலங்கள் அந்தப் பகுதியின் பாலேடு என்றும் முதல் தேர்வு தன்னுடையது என்றும் ஒரு கடிதத்தில் அவரே எழுதினார். அப்போது அவர் விற்பவர் இடத்தில் இருந்தார்.

வாசலை மறித்துக் கட்டிய வீடு

நிலத்தைப் பட்டாவில் பிடிப்பது ஒன்று, தரையில் பிடித்துவைப்பது வேறு. பிட்ஸ்பர்க்குக்குத் தென்மேற்கே சார்ட்டியர்ஸ் ஓடையின் கிளையான மில்லர்ஸ் ரன் பகுதியில் கிராஃபோர்ட் 1771இல் வாஷிங்டனுக்காக 2,813 ஏக்கரை அளந்தார். உரிமையைக் காட்ட ஒரு மரக்குடிசை போட்டு ஓர் ஆளையும் குடிவைத்தார். 1773 டிசம்பர் கடைசியில் அவரிடமிருந்து வந்த கடிதம் நல்ல செய்தி சொல்லவில்லை. பத்துப் பன்னிரண்டு பேர் உங்கள் நிலத்தில் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். நான் வைத்திருந்த ஆளைத் துரத்திவிட்டார்கள். அவன் குடிசைக் கதவுக்கு நேர் எதிரே, அவன் உள்ளே நுழைய முடியாதபடி அவ்வளவு நெருக்கி ஒரு வீடு கட்டிவிட்டார்கள். ஆயுத பலம் இல்லாமல் கிளப்ப முடியாது.

இந்தக் கடிதத் தொகுப்பு முழுவதிலும் எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. லண்டனில் மன்னர் கோடு கிழிக்கிறார், வில்லியம்ஸ்பர்க்கில் ஆளுநர் கையெழுத்துப் போடுகிறார், காட்டில் ஒருவன் அடுத்தவன் கதவை ஒட்டிச் சுவர் எழுப்புகிறான். எது செல்லும்?

அந்தக் கேள்விக்கு அப்போது பதில் சொல்ல இரண்டு அரசாங்கங்கள் போட்டிபோட்டன. பிட்ஸ்பர்க் பகுதி தன்னுடையது என்று வெர்ஜீனியாவும் பென்சில்வேனியாவும் இரண்டுமே சொந்தம் கொண்டாடின. கிராஃபோர்ட் பென்சில்வேனியாவின் வெஸ்ட்மோர்லாந்து கவுண்டியில் நீதிபதி. ஆனால் அவர் வேலைசெய்தது வெர்ஜீனியா பட்டாக்களுக்கு. 1774இல் தகராறு முற்றியபோது வெர்ஜீனியா பக்கம் சாய்ந்தார். 1775 ஜனவரியில் பென்சில்வேனியா அவரை நீதிபதி பதவியிலிருந்து நீக்கியது. நண்பருக்காகச் செய்த நில வேலை அவருடைய அரசியலையும் தீர்மானித்துவிட்டது என்பது என் ஊகம். 1774இல் வெர்ஜீனியா ஆளுநர் டன்மோர் பிரபு ஷானீக்கள் மேல் தொடுத்த போரிலும் அவர் படை நடத்தினார்.

ஏப்ரல் 18

நன்றி என்று ஒன்று இருந்தால் டன்மோர் அதைக் கிராஃபோர்டுக்குக் காட்டியிருக்க வேண்டும். நடந்தது நேர்மாறு. 1775 வசந்தத்தில் ஒரு வதந்தி கிளம்பியது: 1754 அறிவிப்பின் கீழ் கொடுத்த பட்டாக்கள் ரத்தாகப் போகின்றன. ஏப்ரல் 3 அன்று வாஷிங்டன் ஆளுநர் டன்மோருக்கு மிகப் பணிவாக எழுதிக் கேட்டார். ஏப்ரல் 18 தேதியிட்டு வந்த பதில் சுருக்கமானது: நிலங்களை அளந்த சர்வேயர் சட்டம் சொன்ன முறைப்படி தகுதி பெறவில்லை என்று தகவல், அது உண்மையானால் பட்டாக்கள் செல்லாது.

அந்தச் சர்வேயர் கிராஃபோர்ட். முத்திரை இருக்க வேண்டிய இடத்தில் நட்பை வைத்ததற்கு விலை இப்போது தெரிந்தது. இருபதாயிரம் ஏக்கரும் ஒரு சான்றிதழில் தொங்கிக்கொண்டிருந்தன.

டன்மோரின் நோக்கம் சட்டத்தைக் காப்பாற்றுவது என்று நம்புவது கடினம். வாஷிங்டன் அதற்குள் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் கூடிய முதல் கான்டினென்டல் காங்கிரஸில் உட்கார்ந்துவிட்டு வந்திருந்தார், மாவட்டங்கள்தோறும் தன்னார்வப் படைகள் அவரைத் தலைமைக்கு அழைத்துக்கொண்டிருந்தன. டன்மோர் கடிதம் எழுதிய மறுநாள், ஏப்ரல் 19, மாசசூசெட்ஸில் புரட்சிப்போரைத் தொடங்கிவைத்த லெக்சிங்டன் துப்பாக்கிச்சூடு. அதற்கும் மறுநாள் இரவு டன்மோரே வில்லியம்ஸ்பர்க் கிடங்கிலிருந்து வெடிமருந்தைக் கடத்தினார். ஜூன் 15 அன்று வாஷிங்டன் புரட்சிப்படையின் தலைமைத் தளபதி.

நிலத்துக்காகத்தான் வாஷிங்டன் புரட்சியில் குதித்தார் என்று சொல்பவர்கள் உண்டு. என்னால் அவ்வளவு தூரம் போக முடியவில்லை. தோற்றிருந்தால் கனாவா நிலம் மட்டும் அல்ல, மௌண்ட் வெர்னனும் தலையும் சேர்ந்து போயிருக்கும். கணக்குப் பார்த்து எடுக்கும் முடிவு அது அல்ல. ஆனால் மன்னரின் ஆணையும் ஆளுநரின் கையெழுத்தும் யார் சொத்தை எப்போது வேண்டுமானாலும் அழித்துவிடும் என்ற கோபம், வரியைப் பற்றிய கோபத்தோடு அவருக்குள் சேர்ந்தே இருந்தது என்பதை இந்தக் கடிதங்களைப் படித்தவர் மறுக்க முடியாது. மன்னராட்சி போனது, பட்டாக்கள் நின்றன.

யார் என்ன கொடுத்தார்கள்

கிராஃபோர்ட் புரட்சிப்போரில் வெர்ஜீனியா ரெஜிமென்ட்டுக்குக் கர்னலாக இருந்தார். பிறகு மேற்கு எல்லை. 1782 மார்ச் 8 அன்று பென்சில்வேனியாவின் எல்லைப்படையினர் நேடன்ஹூட்டன் என்ற ஒஹையோ கிராமத்தில் ஆயுதம் இல்லாத, கிறிஸ்தவர்களாக மாறிய டெலவேர் பூர்வகுடி மக்கள் 96 பேரைக் கொன்றார்கள். அதில் கிராஃபோர்டுக்குப் பங்கில்லை. ஆனால் இரண்டு மாதம் கழித்து, மே கடைசியில், சாண்டஸ்கி ஆற்றங்கரைப் பூர்வகுடி ஊர்கள் மேல் கிளம்பிய ஏறத்தாழ 480 பேர் கொண்ட குதிரைப்படைக்கு அவர் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். புறப்படும் முன் உயில் எழுதிவைத்தார். படை சிதறியது, அவர் பிடிபட்டார். ஜூன் 11 அன்று டெலவேர்கள் அவரைக் கம்பத்தில் கட்டிச் சித்திரவதை செய்து எரித்தார்கள். கூடப் பிடிபட்ட படை மருத்துவர் ஜான் நைட் தப்பிவந்து சொன்னதால் விவரம் தெரிந்தது.

ஆகஸ்ட் 6 அன்று வாஷிங்டன் தளபதி இர்வினுக்கு எழுதினார். கர்னல் கிராஃபோர்டின் முடிவு தன்னைத் தனிப்பட்ட முறையில் தாக்கியிருக்கிறது என்றார். மொராவியச் சபையைச் சேர்ந்த தங்கள் நண்பர்களுக்கு, அதாவது நேடன்ஹூட்டனில் கொல்லப்பட்டவர்களுக்கு, நடந்ததில் அந்த மக்களின் மனம் கொதித்துப்போயிருக்கும்போது, அவர்கள் கையில் அகப்பட்டவருக்கு வேறு என்ன நடக்கும் என்றும் எழுதினார். காரணம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார். பதினைந்து ஆண்டுக் கடிதங்களில் நில உரிமையாளர்களாக ஒருமுறைகூட வராத மக்கள், இந்த ஒரு கடிதத்தில் காரணத்தோடு கோபப்படும் மனிதர்களாக வருகிறார்கள்.

1784 செப்டம்பரில், போர் முடிந்து வீடு திரும்பிய வாஷிங்டன் மேற்கு நிலங்களைப் பார்க்கப் போனார். மில்லர்ஸ் ரன்னில் குடியிருந்தவர்கள் செசீடர் என்ற பிரெஸ்பிட்டீரியப் பிரிவைச் சேர்ந்த உழைப்பாளிக் குடும்பங்கள். செப்டம்பர் 20 அன்று ஒவ்வொரு பண்ணையாக நடந்து, யாரிடம் எத்தனை ஏக்கர் புல்வெளி, எத்தனை உழுநிலம், வேலி எப்படி, வீடு எப்படி என்று நாட்குறிப்பில் எழுதினார். பிறகு அவர்களில் ஒருவர் வீட்டிலேயே சாப்பாடு. சாப்பிட்டுவிட்டுப் பேரம். ஏக்கருக்கு 25 ஷில்லிங், மூன்று தவணை, வட்டி உண்டு. இல்லையென்றால் நூறு ஏக்கருக்கு ஆண்டுக்குப் பத்துப் பவுண்டு, 999 ஆண்டுக் குத்தகை. வட்டியில்லாமல் நீண்ட தவணை கேட்டார்கள். அவர் ஒப்பவில்லை. ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்துக் கேட்டார். எல்லாரும் ஒரே பதில்: கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறோம்.

அளந்தவர், குடிசை போட்டவர், ஆளைக் குடிவைத்தவர் எல்லாம் ஒரே மனிதர். அவர் சாட்சிக்கூண்டில் ஏற முடியாது. வெர்ஜீனியா பட்டா பென்சில்வேனியா மண்ணில் செல்லுமா என்பதை மட்டும் இரண்டு மாநிலங்களும் எல்லையை முடித்துக்கொண்டபோதே தீர்த்துவைத்திருந்தன. முந்தைய உரிமைகள் மதிக்கப்படும் என்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். வாஷிங்டன் கார்லைல் ஊரின் தாமஸ் ஸ்மித்தை வக்கீலாக வைத்தார். 1786 அக்டோபரில் ஜூரி வாஷிங்டன் பக்கம் தீர்ப்புச் சொன்னது. வீடு கட்டி, காடு வெட்டி, பதின்மூன்று ஆண்டு உழுத குடும்பங்களில் பெரும்பாலானவை வெளியேறின. பத்தாண்டு கழித்து, 1796இல், வாஷிங்டன் அந்த நிலத்தை 12,000 டாலருக்கு விற்றார்.